ஆமையின் கடைக்கு வந்த கடிதங்கள்

என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், அவ்வளவுதான். இருந்தாலும் பதினெட்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த முடிதிருத்தும் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மாதத்தில் ஒரு தடவைதான் வெட்டிக்கொள்ள, மற்றதெல்லாம் சும்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு வேலையிலிருந்து அறைக்குத் திரும்புகிற வழியில் உட்கார ஒரு இடம் வேண்டும். எனக்கு அது ஆமையின் கடை.

ஆமை என்பது வாடிக்கைக்காரர்கள் நாங்கள் வைத்த பெயர். நேரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மற்ற கடைகளில் கால் மணியில் முடிகிற வேலைக்கு இவர் முக்கால் மணி எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு முடியிடமும் சம்மதம் கேட்டுத்தான் வெட்டுகிறாரோ என்று தோன்றும். அவசரம் என்று யாராவது சொன்னால், "அப்ப அவசரம் இல்லாத நாள்ல வாங்க" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொல்வார். ஆமை என்ற பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஒரு நாள் என் பிடரியைச் சீவிக்கொண்டே, ஆமைக்கு முந்நூறு வயசாமே சார், நீங்க எல்லாம் போனப்புறமும் நான் இருப்பேன் என்றார்.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் கைப்பிடி உடைந்து கம்பியால் கட்டப்பட்டிருக்கும், இருக்கையின் கிழிசலில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். அதுதான் எங்களுக்கு. நல்ல நாற்காலியின் மேல் எப்போதும் ஒரு துண்டு விரித்திருக்கும். அது அவருடைய மகனின் நாற்காலி. கல்லூரி முடித்துவிட்டு ஒன்றரை வருடம் அப்பாவின் பக்கத்தில் நின்று அவன் அதில்தான் முடி வெட்டினான். அப்பாவைவிட வேகம், அப்பா அளவுக்குச் சுத்தம். பிறகு ஒரு நாள், மிஷனரியாகப் போகிறேன் என்று சொன்னான். அம்மா அவன் பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருவன் கிளம்பிவிட்டான்.

ஆமை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கடை முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். "இவ்வளவு நாள் அவன் என்னை அப்பான்னு கூப்பிட்டான். இனிமே நான் அவனை ஃபாதர்னு கூப்பிடணும்." இந்த ஒரு நகைச்சுவையை மூன்று மாதம் ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் நாங்களும் சிரித்தோம். அவர் சிரித்தாரா என்று நான் பார்த்ததில்லை.

மகனைப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பினார்கள். முதல் வேலை போர்ச்சுகீசிய மொழி படிப்பது. அது வந்தால்தான் அவனை அனுப்பப்போகிற இடத்தில் பேச முடியும். பயிற்சி முடியும்வரை கைப்பேசி கிடையாது. வாரம் ஒரு கடிதம் எழுதலாம். பயிற்சி வீட்டுத் தலைவரின் அறையில் ஒரு தொலைபேசி உண்டு, அது சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்.

முதல் கடிதம் வந்த நாளில் ஆமை அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. புது பிளேடு ஒன்றைப் பிரித்து, கத்தியில் பொருத்தி, எங்கள் முன்னாலேயே உறையின் விளிம்பை அறுத்தார். பிறகு நின்றபடி உரக்கப் படித்தார். விரலை வரியின் கீழே வைத்து, கண்ணில் பட்டதை அப்படியே வாயில் விட்டு, மெதுவாகப் படித்தார். எங்களில் ஒருவரான லாரி டிரைவர் அரை முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். கடிதம் முடிவதற்குள் நுரை காய்ந்து உதிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. உறையைக் கடையில்தான் பிரிப்பார். முன்கூட்டி ஒரு வரிகூடப் படிக்க மாட்டார். வந்தது எல்லாருக்கும்தான் என்பார்.

பதில் எழுதுவதும் அப்படித்தான். கோடு போட்ட ஒரு நோட்டு பெஞ்சில் கைமாறும். முதலில் ஆமை "நான் நலம், நீ நலமா" என்று நாலு வரி எழுதுவார். அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு வரி. இரும்புக் கடைக்காரர் எப்போதும் "தண்ணீர் நிறையக் குடி" என்று எழுதுவார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒரு அறிவுரை எழுதி, கீழே பதவியோடு கையெழுத்துப் போடுவார். நான் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான் எழுதுவேன்: "முன் வைத்த காலைப் பின் வைக்காதே." பத்திரம் எழுதும் கடையில் டைப்பிஸ்ட் நான். நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதை அடிக்கிறவனுக்கு, சொந்தமாக எழுதச் சொன்னால் வருவது இப்படித்தான். உறையின் மேல் வெளிநாட்டு முகவரியை என் மெஷினில் அடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. போக ஒரு பதினான்கு நாள், வர ஒரு பதினான்கு நாள்.

பையன் நன்றாக எழுதுவான். போர்ச்சுகீசியம் மூக்கால் பேசுகிற மொழி, எனக்கு ஜலதோஷம் பிடித்த அன்றுதான் டீச்சர் முதல் தடவையாகப் பாராட்டினார் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். வகுப்பில் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு உச்சரிக்கச் சொல்வதையும், இவன் அதை உடைத்துவிட்டதையும் எழுதினான். இன்னொரு கடிதத்தில், சில சொற்கள் எனக்கு முன்பே தெரிந்திருந்தன, எந்தக் காலத்திலோ அவர்கள் நம்மிடம் விட்டுவிட்டுப் போனவை என்று எழுதினான். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் கொஞ்சம் மாறி இங்கே இருக்கின்றன, வீட்டுச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, வீடுதான் இன்னும் வரவில்லை. கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அவன் கத்தரி எடுத்த கதை. பயிற்சி வீட்டில் அவனோடு ஆறு பேர், எல்லாரும் வேறு வேறு நாடு. ஒரு தலைவர். ஒருவன் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு கொத்துப்பட்ட கோழிபோல நிற்பதைப் பார்த்து, இவன் கத்தரியை வாங்கிச் சரி செய்து விட்டிருக்கிறான். மறுநாள் எல்லாரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். "இப்போது ஏழு தலையும் என் கையில். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வகுப்பில் படித்ததைவிட இவர்கள் பிடரிக்குப் பின்னால் நின்று படித்ததுதான் அதிகம்." இதைப் படித்த அன்று ஆமை அந்தத் துண்டு விரித்த நாற்காலியைத் துடைத்துவிட்டு மறுபடியும் விரித்தார். தலைமையாசிரியர், தொழில் கற்றவன் எங்கே போனாலும் பிழைப்பான் என்றார். இரும்புக் கடைக்காரர் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதினார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

அன்று புதன்கிழமை, சாயங்காலம். நாற்காலியில் நான்தான் இருந்தேன். கழுத்தில் துணி கட்டி, ஒரு காது முடிந்து மறு காதுக்கு வந்தபோது தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆமை பிளேடை மாற்றினார், அறுத்தார், படித்தார். முதல் பக்கத்தில் வழக்கம்போல வேடிக்கை: சந்தையில் கீரை வாங்கப் போய், விலை கேட்கத் தெரியாமல் கடைக்காரி கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, மூன்று முட்டைக்கோஸோடு திரும்பிய கதை. லாரி டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஆமை அடுத்த தாளை எடுத்தார்.

"அப்பா," என்று படித்தார். நின்றுவிட்டார்.

எனக்கு எதிரே ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. அதனால் அவர் முகமும் தெரிந்தது, முதுகும் தெரிந்தது. வரியின் கீழே வைத்த விரல் நகரவில்லை. ஆனால் வாய் நகர ஆரம்பித்தது. "இங்கே தெருமுனையில ஒரு முடிதிருத்துற கடை இருக்கு. ரெண்டு நாற்காலி. ஒண்ணோட கைப்பிடி உடைஞ்சு கம்பியால கட்டியிருக்காங்க. சீட்டு கிழிஞ்ச இடத்துல கறுப்பு டேப் ஒட்டியிருக்கு. பெஞ்சில நாலு பேர் உட்கார்ற இடத்துல ஆறு பேர் உட்கார்றாங்க."

எல்லா நாட்டுலயும் நாற்காலி இப்படித்தான் போல என்று லாரி டிரைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முப்பது வருடமாக அந்தக் கடையைவிட்டு எங்கேயும் போகாத ஒரு மனிதர், ஒரு வெளிநாட்டுத் தெருவை உடனே உண்டாக்கச் சொன்னால் வேறு எதைச் சொல்வார்? கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் மறு காதுக்குத் திரும்பினார். அன்றுதான் முதல் தடவையாக என் காதில் கத்தரி பட்டது. படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, மன்னிச்சுக்குங்க சார் என்றார்.

நோட்டு வெளியே வரவில்லை. பதில் எழுதலாமா என்று இரும்புக் கடைக்காரர் கேட்டதற்கு, பையனுக்குப் பரீட்சை, இப்போது கடிதம் போட்டால் கவனம் சிதறும் என்று மென்று விழுங்கினார். அடுத்த வாரமும் அதே பதில். அந்த வாரம் அவனிடமிருந்தும் கடிதம் வரவில்லை. ஆமை இன்னும் மெதுவாகிவிட்டார். சில நேரம் சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்பதுபோல நிற்பார். கப்பல் கவிழ்ந்தாற்போல என்ன யோசனை என்று தலைமையாசிரியர் கேட்டார். முடி கொட்டுது சார், உங்களுக்கு, அதைப் பத்தித்தான் என்று சமாளித்தார்.

எனக்குப் பொறுமை குறைவு. கடிதம் வந்த பதின்மூன்றாம் நாள், கடைக்கு வார விடுமுறை. நேராகப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், ஆமை எங்கள் நாற்காலியில் வாடிக்கையாளர்போல உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். படிச்சேனே சார் என்றார். நீங்கள் படித்தது உங்கள் கடையை என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் மறைக்கவில்லை. துண்டுகள் அடுக்கியிருந்த இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து இரண்டாம் தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

"அப்பா, இந்தப் பக்கம் உங்களுக்கு மட்டும். கடையில் படிக்க வேண்டாம். முதல் பக்கத்தில் எழுதியது பொய் இல்லை. ஆனால் அது கடைக்காக எழுதியது. எதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று வாரம் முழுக்கத் தேடி எழுதுகிறேன். இங்கே சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். எதற்கு என்று பாதி நேரம் தெரியாது. நம் பேச்சைப் பேச ஒரு ஆள் இல்லை. முதல் மாதம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் நின்றுவிட்டது.

"ஏழு பேருக்கும் நான்தான் முடி வெட்டுகிறேன். எனக்கு வெட்ட ஆளில்லை. காதை மூடிவிட்டது. போன வாரம் நானே வெட்டப் பார்த்தேன், பின்பக்கம் கை போகவில்லை. என் தலையை ஒருவர் தொட்டு மூன்று மாதம் ஆயிற்றே என்று அழுதுவிட்டேன். இதைப் போய் எழுதுகிறேனே என்றும் இருக்கிறது.

"இன்னும் ஐந்து வாரத்தில் நாங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்று வருடம் இந்த ஊழியத்தில்தான். எனக்கு ஆண்டவர் மேல் ஒரு குறையும் இல்லை. தனியாக இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். டைப்பிஸ்ட் மாமா ஒவ்வொரு தடவையும் முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்று எழுதுகிறார். அதைப் படித்தாலே பயமாக இருக்கிறது. நான் திரும்பி வந்தால் கடையில் எல்லாருக்கும் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுகிறேன். கடை நோட்டில் வேண்டாம். நீங்கள் தனியாக எழுதுங்கள்."

இரண்டு தடவை படித்தேன். என் வரியை மூன்றாவது தடவையும் படித்தேன். ஒன்றும் யோசிக்காமல், பேனா கைக்கு வந்ததே என்று எழுதிய வரி. அது அங்கே போய் ஒரு பையனின் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பதின்மூணு நாளா இதைத் துண்டுக்கு அடியில வச்சிருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவன் கிளம்பின அன்னிக்கே போகாதடான்னு சொல்லத்தான் நெனச்சேன் சார். வாய் வரைக்கும் வந்துச்சு. வீட்டுக்குப் போனா பேச ஆள் கிடையாது, ஒரு ஆளுக்குச் சோறு எப்படி வைக்கிறதுன்னு இன்னும் பழகலை. இப்ப நான் வான்னு எழுதினா, அது அவனுக்காகவா, எனக்காகவா? தினமும் பேப்பரை எடுத்து வச்சுப் பாக்கறேன். தெரியலை."

யாருக்காக இருந்தால் என்ன, எழுதுங்கள் என்றேன். அவன் தனியாக எழுதச் சொல்கிறான், எனக்குத் தனியாக எழுதி வழக்கம் இல்லையே என்றார். ஐந்து வாரம் என்றுதானே போட்டிருக்கிறான், இன்னும் நாள் இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடையில் கூட்டம். நாற்காலியில் இரும்புக் கடைக்காரர். ஆமை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். போன தடவை ஒரு பக்கம் படிக்காமல் விட்டுவிட்டேன் என்றார். கடையில் படிக்க வேண்டாம் என்ற வரியையும் சேர்த்தே படித்தார். விரல் ஒவ்வொரு சொல்லுக்கும் நகர்ந்தது. ஏழு பேருக்கும் நான்தான் வெட்டுகிறேன் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார், பிறகு கடைசிவரை படித்தார்.

ஆமை தாளை மடித்துக் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவன் பயப்படுறது இந்தக் கடைக்குத்தான். கடைக்குத் தெரிஞ்சுட்டா பயம் போயிடும்னு படிச்சேன்," என்றார் ஆமை. பிறகு கண்ணாடியைப் பார்த்து, எங்களிடம் இல்லாமல், சொன்னார்: "முப்பது வருஷமா கத்தரி பிடிக்கிறேன். எல்லாருக்கும் வெட்டுறேன்னு எழுதினான். சந்தோஷமாப் படிச்சேன். உனக்கு யாருடா வெட்டுறாங்கன்னு கேக்க எனக்குத் தோணலையே."

எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்தத் தொழிலே செய்கிறவருக்கும், அந்த நாற்காலியிலேயே குடியிருக்கிற எங்களுக்கும், ஒருவன் பிடரியில் அவன் கையே போகாது என்பது தெரியாமல் போயிற்று.

நோட்டு வெளியே வந்தது. லாரி டிரைவர்தான் முதலில் வாங்கினார். "ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன் டிரைவரே இல்லை. வா" என்று எழுதினார். இரும்புக் கடைக்காரர் கழுத்தில் துணியோடு, தண்ணீரைப் பற்றி ஒன்றும் எழுதாமல், "வா தம்பி, உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது" என்று எழுதினார். தலைமையாசிரியர் நோட்டைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் எழுதாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, முறை வருவதற்குள் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வந்து ஒன்றும் நடக்காததுபோல வெட்டிக்கொண்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. நான் எழுதினேன்: "அந்தப் பழைய வரியை அடித்துவிடு. காலை எங்கே வைத்தால் உனக்கு வசதியோ அங்கே வை."

ஆமை நோட்டில் எழுதவில்லை. ஒரு தனித் தாளை எடுத்துக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால், துண்டு துவைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தார். நாற்காலியில் இரும்புக் கடைக்காரர் பாதித் தலையோடு முக்கால் மணி காத்திருந்தார், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. உறையில் வைப்பதற்காகத் தாளை என்னிடம் கொடுத்தபோது, படிக்கலாம் சார் என்றார்.

"மகனே, வா. வந்தால் நான் வெட்டிவிடுகிறேன். வர முடியாமல் போனால், அங்கே இருக்கிற ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்துத் தலையைக் கொடு. கோணலாக வெட்டினாலும் பரவாயில்லை. வெட்டிக்கொள்ளாமல் மட்டும் இருக்காதே. அப்பா."

முகவரி அடித்து, திங்கட்கிழமை காலையில் நானே தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் காத்திருந்ததைப் பார்த்தால் உங்களுக்கும் பாவமாக இருக்கும். நல்ல நாற்காலியின் துண்டை எடுத்துவிட்டார். கழுத்தில் கட்ட ஒரு புது வெள்ளைத் துணி வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்தார். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் சீப்பு அந்தரத்தில் நிற்கும். யாராவது தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரப் போனால், அது ஆடும் சார், இதுல உட்காருங்க என்று உடைந்த நாற்காலியைக் காட்டுவார். சோறு இப்போதெல்லாம் இரண்டு ஆளுக்கு வைக்கிறேன், மிஞ்சினதைக் காலையில சாப்பிட்டுக்கறேன் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நானும் தினமும் போனேன். தினமும் ஒன்றும் இல்லாமல் திரும்பினேன்.

ஐந்தாவது வாரம் வந்தது பையன் இல்லை, உறைதான். தொட்டால் உள்ளே அட்டைபோல ஏதோ இருந்தது.

ஆமை பிளேடை மாற்றவில்லை. உறையைத் தடுப்புக்குப் பின்னால் எடுத்துப் போனார். அவர் வாய்க்குள் படிக்கிற முணுமுணுப்பு மட்டும் கேட்டது. வெளியே வந்து, தாளை எங்கள் முன்னால் விரித்து, சரளமாகவே படித்தார்.

"அன்புள்ள அப்பாவுக்கு. உங்கள் கடிதம் வந்தபோது நான் வாக்குக் கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பதில் வரும் வரும் என்று தினமும் பார்த்தேன். வராததால், நீங்கள் இருக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரங்களில் கடைக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. கடையில் படித்துவிட்டீர்கள் என்று தெரிந்து முதலில் கோபம் வந்தது. பிறகு எல்லாருடைய வரியையும் படித்தேன். முன்பே வந்திருந்தால் கிளம்பியிருப்பேன். இப்போதும் போகலாம், யாரும் கட்டி வைக்கவில்லை என்று தலைவர் சொல்கிறார். ஆனால் கொடுத்துவிட்டேன் அப்பா. மூன்று வருடம் இருந்து பார்க்கிறேன். அடுத்த மாதம் வேறு நாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"நீங்கள் சொன்னபடி தலையைக் கொடுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரன்தான் வெட்டினான். கத்தரியை எப்படிப் பிடிப்பது, சீப்பை எப்படிச் சாய்ப்பது எல்லாம் போர்ச்சுகீசியத்திலேயே சொல்லிக் கொடுத்தேன். தடுமாறாமல் வந்தது. அவனும் என்னோடு அதே நாட்டுக்குத்தான் வருகிறான்."

எப்படித் தப்பியது என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் எண்ணிப் பார்த்தோமே, அந்தக் கணக்குக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்ததே. இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய கடிதத்தின் முதல் பக்கத்தைத் தேடி எடுத்தேன். மேலே மூலையில் தேதி இருந்தது. ஐந்து வாரம் என்று அவன் சொன்னது எழுதிய நாளிலிருந்து. நாங்கள் எண்ணியது படித்த நாளிலிருந்து. வழியில் போன பதினான்கு நாளை இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவே இல்லை. தேதி பார்க்காமல் ஒரு பத்திரம்கூட அடிக்காதவன் நான். இப்போதும் என் மெஷினில் தேதியை அடிக்கும்போதெல்லாம் விரல் ஒரு நொடி நிற்கிறது.

ஆமையிடம் அதைச் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. படிச்ச அன்னிக்கே நோட்டை எடுத்திருந்தா ஒரு வாரம் முன்னாடியே போயிருக்கும் இல்ல சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உறைக்குள் இருந்தது ஒரு புகைப்படம். பையன் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். இளைத்திருந்தான். முடி காது தெரிய வெட்டியிருந்தது. ஆமை அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். அப்பாவின் கண்ணால் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தொழில்காரரின் கண்ணால், காதிலிருந்து காதுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"வலது பக்கம் ஏறிப்போச்சு. நெத்திக்கு மேல எலி கடிச்சு வச்சிருக்கு. சீப்பைச் சாய்க்கவே இல்லை அந்தப் பய," என்றார். படத்தை இன்னும் கிட்டத்தில் பிடித்து, "ஆனா பொறுமையா வெட்டியிருக்கான். அவசரப்படலை," என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை.

படத்தை நல்ல நாற்காலிக்கு எதிரே கண்ணாடிச் சட்டத்தில் செருகினார். பிரிக்காமல் வைத்திருந்த வெள்ளைத் துணியைப் பிரித்து உதறினார். இதுல உட்காருங்க சார் என்றார். பதினெட்டு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான். அது ஆடவில்லை. என் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அவர் ஒரு மணி நேரம் வெட்டினார்.